காற்றாலையை ஆதரிக்கும் செனட்டர் எண்ணெயை எதிர்ப்பவரா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மக்காச்சோள வயல் ஒன்றின் நடுவே ஒரு காற்றாலை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் திறன் 2.5 மெகாவாட். காற்று எந்நேரமும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை என்பதால், ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் திறனில் 40 சதவீதம் கிடைப்பதாகக் கொள்ளலாம். அதாவது 1 மெகாவாட். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. 1 மெகாவாட் ஒரு மணி நேரத்துக்கு 1,000 யூனிட். ஆக, அந்த ஒற்றைக் காற்றாலை ஆண்டுக்கு 87 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் மின்சாரம் தருகிறது.

1992-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. காற்றாலையின் உரிமையாளர், தான் விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.5 சென்ட் வீதம் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்; ஆலை ஓடத் தொடங்கிய முதல் 10 ஆண்டுகளுக்கு இது கிடைக்கும்; பணவீக்கத்துக்கு ஏற்பத் தொகையும் உயரும். நம் வயல் காற்றாலைக்கு அந்தத் தொடக்க வீதத்திலேயே கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 1,31,400 டாலர். கழிவது வருமானத்தில் அல்ல, வரியிலேயே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதன் பெயர் உற்பத்தி வரிச்சலுகை. இதைச் சட்டத்தில் ஏற்றியவர் சக் கிராஸ்லி. அயோவாவின் செனட்டர், விவசாயி, 1981 முதல் காங்கிரஸின் மேலவையான செனட்டில் இருப்பவர், குடியரசுக் கட்சிக்காரர். கடைசி அடையாளத்தைக் கேட்டதும் பலருக்கும் புருவம் உயரும். எண்ணெய் நிறுவனங்களுக்குச் சாதகமான கட்சி என்று பெயர் வாங்கிய கட்சியில், காற்றாலைச் சலுகையின் தந்தை எப்படி வந்தார்? 2016-ல் அதிபர் வேட்பாளராக இருந்த டொனால்டு டிரம்ப் இந்தச் சலுகையை ஒழித்துவிடுவாரோ என்ற பேச்சு எழுந்தபோது, தன் பிணத்தின் மீதுதான் அது நடக்கும் என்று கிராஸ்லி சொன்னார். சொந்தக் கட்சியின் வேட்பாளரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்.

எரிசக்தி அரசியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த மனிதரைத்தான். புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு ஓர் அணி, எண்ணெய்க்கு ஓர் அணி, ஒவ்வொரு மக்கள் பிரதிநிதியும் இரண்டில் ஒன்றில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு செய்தித்தாளைத் திறந்தால் பாதிச் செய்தி புரியாது. ஒரு செனட்டரின் எரிசக்திக் கருத்து அவருடைய மேடைப் பேச்சில் இருப்பதைவிட, அவர் எந்தச் சட்டப் பிரிவுக்காக ராத்திரி பகலாக மல்லுக்கட்டுகிறார் என்பதில்தான் அதிகம் தெரிகிறது. யாருக்குச் சலுகை, எந்த உருவத்தில், எத்தனை காலத்துக்கு? இந்த மூன்றையும் கேட்டுப் பழகிவிட்டால் புதிர் மெல்ல அவிழும்.

ஊரைப் பார்க்க வேண்டும்

கிராஸ்லியின் நிலைப்பாட்டுக்கு விடை அயோவாவின் மண்ணில் இருக்கிறது. மின் நிறுவனங்கள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று முதன்முதலில் சட்டம் போட்ட அமெரிக்க மாநிலம் அயோவா. அது 1983-ல். இன்று அம்மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் காற்றிலிருந்து வருகிறது. வேறு எந்த மாநிலத்திலும் காற்றின் பங்கு இவ்வளவு இல்லை. அங்கே பெரிய எண்ணெய் வயல்கள் கிடையாது. காற்றாலை நிற்கும் நிலத்துக்கு விவசாயிக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம் வருகிறது. கோபுரத்தைச் சுற்றி மக்காச்சோளம் வழக்கம்போல் விளைகிறது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் அந்தக் காசோலை வந்துவிடுகிறது. சொத்து வரி உள்ளூர்ப் பள்ளிக்கும் சாலைக்கும் போகிறது.

நியூட்டன் என்ற சிற்றூரின் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். சலவை இயந்திரங்களுக்குப் பேர்போன மேடாக் நிறுவனத்தின் தாயகம் அது. 2007-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. மறு ஆண்டே அதே ஊரில் காற்றாலை இறக்கைகள் வார்க்கும் ஆலை ஒன்று திறந்தது. வேலை இழந்தவர்கள் வாழும் ஊருக்கு வந்த ஆலையைக் காக்கும் செனட்டருக்குக் கட்சிக் கொள்கைப் புத்தகம் இரண்டாம்பட்சம். பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே ஒருவர் காற்றாலைக்கு வலுவான காவலராக இருக்க முடியும். இதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை, நம்பிக்கைதான். கொள்கைக்காக மட்டும் ஆதரிப்பவரைவிட ஊருக்காக ஆதரிப்பவர் எளிதில் பின்வாங்கமாட்டார்.

எண்ணெய்க்கு என்ன சலுகை?

இனி மறுபக்கம். காற்றாலைக்கு அரசு உதவுகிறது, எண்ணெய் தன் காலில் நிற்கிறது என்று விவாதங்களில் அடிக்கடி சொல்வார்கள். அது உண்மையல்ல. எண்ணெய்க்கும் சலுகை உண்டு, அதுவும் மிகப் பழையது. கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஓர் எண்ணெய்க் கிணறு தோண்டும் செலவு இரண்டு வகைப்படும். குழாய், பம்பு போன்றவற்றைப் பின்னால் கழற்றி விற்கலாம். ஆட்கூலி, எரிபொருள், இடத்தைச் சமன் செய்வது, துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக் கலவை ஆகியவற்றுக்குப் போட்ட பணம் திரும்பாது. கிணற்றுச் செலவில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை. பல ஆண்டுகள் பயன் தரும் முதலீட்டை, பொதுவாக அந்தப் பல ஆண்டுகளுக்கும் பிரித்துத்தான் வருமானத்தில் கழிக்க முடியும். 1913-லிருந்து எண்ணெய்த் துறைக்கோ இந்த இரண்டாம் வகைச் செலவை உடனேயே கழிக்கும் வசதி இருக்கிறது. சிறிய, தனித்தியங்கும் நிறுவனங்கள் முழுவதையும் முதல் ஆண்டிலேயே கழிக்கலாம். கிணற்றிலிருந்து பெட்ரோல் பங்க் வரை எல்லாம் தன்வசம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் 70 சதவீதத்தை உடனேயும் மீதியை ஐந்து ஆண்டுகளிலும் கழிக்கலாம்.

இன்னொன்று 1926-ல் வந்தது. பூமிக்குள் இருக்கும் எண்ணெய் எடுக்க எடுக்கக் குறைகிறது அல்லவா? அந்தத் தேய்மானத்துக்கு ஈடாக, எண்ணெய் விற்ற தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்கு வரி வேண்டாம் என்றார்கள். அன்று அது 27.5 சதவீதம். 1975-ல் பெரிய நிறுவனங்களிடமிருந்து இதைப் பறித்துவிட்டார்கள். சிறிய நிறுவனங்களுக்கு இன்றும் 15 சதவீதம் உண்டு, நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் வரை. சில உச்சவரம்புகளுக்கு உட்பட்டு, 100 டாலருக்கு எண்ணெய் விற்றால் 15 டாலர் வரிக்கணக்கில் வராது. கிணற்றுக்குப் போட்ட முதல் முழுவதையும் கழித்து முடித்த பிறகும் இது தொடரும். முதல் திரும்பிய பின்னும் தேய்மானம் என்று ஒன்றைக் கழிக்க அனுமதிப்பதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

இப்போது மேலே நினைவில் வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றாலைக்குக் கிடைப்பது வரியில் கழிவு. 1 டாலர் சலுகை என்றால் 1 டாலர் வரி குறையும். எண்ணெய்க்குக் கிடைப்பது வருமானத்தில் கழிவு. நிறுவன வரி விகிதம் 21 சதவீதம் என்றால், 1 டாலர் கழிவால் 21 சென்ட்தான் மிச்சம். இதை மட்டும் பார்த்தால் காற்றாலைக்குத்தான் பெரிய கரிசனம் போலத் தோன்றும். ஆனால் எண்ணெயின் சலுகைகளுக்குக் காலாவதித் தேதி இல்லை. யாராவது முயன்று நீக்காத வரை அவை சட்டத்தில் அப்படியே இருக்கும். அவற்றைக் காக்க நினைக்கும் செனட்டர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். காற்றாலைச் சலுகைக்கோ தேதி குறித்திருந்தார்கள். அதைக் காக்க நினைத்தவர் ஒவ்வொரு முறையும் வாக்குகளைத் திரட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தேதி என்ன செய்யும் என்பதற்கு ஒரு காட்சி போதும். 2012 கடைசியில் சலுகை காலாவதியாக இருந்தது. நீட்டிப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. ஆண்டு முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடியதில் அந்த ஆண்டு நாடு முழுவதும் சுமார் 13,000 மெகாவாட் காற்றாலைகள் எழுந்தன. 2013 பிறந்ததும் காங்கிரஸ் நீட்டித்துவிட்டது. ஆயினும் அதற்குள் புதிய ஒப்பந்தங்கள் நின்றுபோயிருந்தன. அந்த ஆண்டு எழுந்தவை சுமார் 1,100 மெகாவாட். ஏறத்தாழ 12-ல் ஒரு பங்குதான். முன்பு 2000, 2002, 2004 ஆண்டுகளிலும் இதே சரிவு நேர்ந்தது. இறக்கை வார்ப்பவரும், கோபுரம் ஏற்றும் கிரேன் ஓட்டுநரும் ஓராண்டு வேலையும் மறு ஆண்டு வீடுமாக அல்லாடினார்கள். சலுகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நிலையாக இருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே சட்டத்தில் இரண்டும்

2015 டிசம்பரில் நடந்ததைப் பார்த்தால் இரு அணி என்ற எண்ணமே கலைந்துவிடும். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்த நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்கா தன் கச்சா எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்கத் தடை போட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் தொழில்நுட்பத்தால் உற்பத்தி பெருகியபோது தடையை நீக்குமாறு எண்ணெய் மாநிலங்கள் நெருக்கின. ஜனநாயகக் கட்சியினர் பதிலுக்கு ஒன்று கேட்டார்கள்: காற்று, சூரிய மின்சாரச் சலுகைகளைப் பல ஆண்டுகளுக்கு நீட்டித்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒரே செலவின மசோதாவில் ஏறின. டிசம்பர் 18 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். அதன்பின் எண்ணெய் ஏற்றுமதி மளமளவென்று வளர்ந்து, 2023-ல் நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய் அளவை எட்டியது. காற்றாலைகளுக்கும் சூரியத் தகடுகளுக்கும் சில ஆண்டுகள் நிம்மதி கிடைத்தது. அந்த மசோதாவுக்கு ஆம் என்று வாக்களித்தவரை எந்த அணியில் சேர்ப்பீர்கள்?

2022-ன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் நுணுக்கமானது. தூய எரிசக்திக்கு அமெரிக்கா அதுவரை ஒதுக்கியதிலேயே பெரிய உதவி அது. செனட்டில் 50-க்கு 50 என்று நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியின் ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்டதால், நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின் சொன்னதுதான் சட்டம் என்ற நிலை. அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்றை வாசித்துப் பாருங்கள்: அடுத்த 10 ஆண்டுகளுக்கு, கடலில் காற்றாலை அமைக்க அரசு குத்தகை வழங்க வேண்டுமானால், அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் குறைந்தது 6 கோடி ஏக்கர் கடற்பரப்பை எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கு ஏலத்தில் முன்வைத்திருக்க வேண்டும். முன்வைத்தால் போதும், அத்தனையும் விற்றாக வேண்டும் என்பதில்லை. காற்றாலைக்கு வழி எண்ணெய் வழியாக என்று சட்டமே எழுதிவைத்தது. இதை விரும்பாத சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பலர் உண்டு. அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த ஒரு வாக்கு இல்லாமல் மற்ற எதுவும் கிடைத்திருக்காது.

அந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த 50 குடியரசுக் கட்சி செனட்டர்களில் கிராஸ்லியும் ஒருவர். அவர் பெற்ற பிள்ளையான காற்றாலைச் சலுகையை நீட்டித்த சட்டம்தான் அது. மருந்து விலை, பெருநிறுவன வரி, வரித்துறைக்கு நிதி என்று வேறு பலவும் அதே மூட்டையில் இருந்தன. ஒற்றை வாக்கை வைத்து ஒருவரின் எரிசக்திக் கருத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மக்காச்சோளமும் எண்ணெயும் மோதும் இடம்

அயோவாவின் வயல்களில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு எத்தனால் ஆகிறது. 2005-ல் வந்து 2007-ல் விரிவுபடுத்தப்பட்ட சட்டப்படி, சுத்திகரிப்பு ஆலைகள் பெட்ரோலில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு உயிரி எரிபொருளைக் கலக்க வேண்டும். கலக்க முடியாதவர்கள், கூடுதலாகக் கலந்தவர்களிடமிருந்து அதற்கான சான்றை விலைக்கு வாங்க வேண்டும். இந்தச் சான்றின் விலை ஏறும்போதெல்லாம் சுத்திகரிப்பு ஆலைகள் அலறும்.

2017-ல் அயோவாவின் வேளாண் செயலர் பில் நார்தியை மத்திய வேளாண் துறையின் பொறுப்பு ஒன்றுக்கு டிரம்ப் நியமித்தார். அந்த நியமனத்தை, எண்ணெய் மாநிலமான டெக்சாஸின் செனட்டர் டெட் குரூஸ் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். செனட்டில் ஒரே ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தாலும் நியமனம் விரைவாக நகராது. எத்தனால் விதியில் சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் சலுகை கிடைக்க வேண்டும் என்பதே குரூஸின் எண்ணம். நியமனம் 2018 பிப்ரவரியில்தான் நிறைவேறியது. நியமித்த அதிபர், தடுத்த செனட்டர், காத்திருந்த செயலர், அவருக்காகப் பேசிய கிராஸ்லி, எல்லோரும் ஒரே கட்சி. பிரித்தது மாநிலம். இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. அந்த டெக்சாஸ்தான் நாட்டிலேயே அதிகமாகக் காற்றாலை மின்சாரம் தரும் மாநிலம். அதற்கு வித்திட்ட 1999-ன் சட்டத்தில் கையெழுத்திட்டவர், முன்பு எண்ணெய்த் தொழிலில் இருந்த ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்.

ஜனநாயகக் கட்சியிலும் இதே கதைதான். நியூ மெக்சிகோவின் இரு செனட்டர்களும் பருவநிலையைப் பற்றி அழுத்தமாகப் பேசுகிறவர்கள். ஆனால் அவர்கள் மாநிலத்தில் உள்ள மத்திய அரசு நிலங்களில் எண்ணெய் கொட்டுகிறது. எடுத்த எண்ணெயின் மதிப்பில் நிறுவனங்கள் மத்திய அரசுக்குத் தரும் பங்கான ராயல்டியில் ஏறத்தாழ பாதி மாநிலத்துக்கே போகிறது. பள்ளிகள் அந்தப் பணத்தைச் சார்ந்திருக்கின்றன. இந்த ராயல்டி 1920-லிருந்து 12.5 சதவீதமாக இருந்தது. 2022-ன் சட்டம் அதை 16.67 சதவீதமாக உயர்த்தியது. 2025-ன் சட்டம் திரும்பவும் 12.5-க்கு இறக்கிவிட்டது. பீப்பாய் 80 டாலர் என்றால், அரசுக்கு வரவேண்டிய 13 டாலர் 33 சென்ட் 10 டாலராகக் குறைகிறது. மேடையில் யாரும் இந்த எண்ணைச் சொல்வதில்லை. சட்டத்தில் ஒரு வரி அது.

2025-ல் கிராஸ்லி

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட அதே பெரிய வரிச் சட்டம் காற்று, சூரிய மின்சாரச் சலுகைகளுக்கும் நாள் குறித்தது. ஓராண்டுக்குள், அதாவது 2026 ஜூலை 4-க்குள், கட்டுமானம் தொடங்கியிருக்க வேண்டும். பிந்தித் தொடங்கினால் 2027 முடிவுக்குள் ஆலை ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். செனட்டில் வைத்த வரைவில் காற்றாலை, சூரிய மின் நிலையங்கள் மீது புதிய வரி ஒன்றும் இருந்தது. அயோவாவின் இரு செனட்டர்களும் அலாஸ்காவின் லிசா மர்காவ்ஸ்கியும் எதிர்த்ததில் அது கைவிடப்பட்டது. பிறகு கிராஸ்லி மசோதாவுக்கு ஆதரவாகவே வாக்களித்தார். தன் சலுகை ஒருநாள் முடிய வேண்டியதுதான், ஆனால் ஒழுங்காக, படிப்படியாக முடிய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் நிலைப்பாடு.

மூன்றே நாளில் அதிபர் ஓர் ஆணை பிறப்பித்தார்: ‘கட்டுமானம் தொடங்கியது’ என்றால் என்ன என்பதை நிதித்துறை இறுக்கி வரையறுக்க வேண்டும். அந்த இரண்டு சொற்களுக்குள்தான் எல்லாம் இருந்தது. வரையறையை இறுக்கினால், காங்கிரஸ் தந்த ஓராண்டு அவகாசம் காகிதத்தில் மட்டும் மிஞ்சும். ஆகஸ்ட் 1 அன்று கிராஸ்லி நிதித்துறைக்கான மூன்று நியமனங்களை நிறுத்திவைத்தார். யூட்டாவின் ஜான் கர்டிஸும் அப்படியே செய்தார். எத்தனாலுக்கு எதிராக குரூஸ் எடுத்த அதே கருவி.

ஆகஸ்ட் 15 அன்று விதி வந்தது. மொத்தச் செலவில் 5 சதவீதத்தைச் செலவிட்டிருந்தால் தொடங்கியதாகக் கொள்ளும் பழைய வழி, சிறிய சூரிய மின் நிலையங்களைத் தவிர மற்றவர்களுக்கு மூடப்பட்டது. உண்மையான வேலை நடந்திருக்க வேண்டும் என்ற வழி திறந்தே இருந்தது; தொடங்கியவர்களுக்கு முடிக்க நான்கு ஆண்டுகள் என்பதும் நிலைத்தது. எது உண்மையான வேலை என்பதையும் சொல்லியிருந்தார்கள். காற்றாலையின் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டத் தொடங்குவது, தரையில் நங்கூர போல்ட்டுகளைப் பதிப்பது, அடித்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றுவது ஆகியவை அதில் அடங்கும். நாம் தொடக்கத்தில் கணக்குப் போட்ட வயலில், 2026 ஜூலை 4-க்கு முன் குழி வெட்டி வேலை நிற்காமல் நடந்தால், 10 ஆண்டுச் சலுகையும் உண்டு.